சகலைக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த ஏகாம்பரம்

தசரதபுரத்தில் கங்கையம்மன் கோயிலை ஒட்டிய தெருவில், ரேஷன் கடையில் எடை போடுகிற புண்ணியகோடி பறக்க ஆரம்பித்தது ஐப்பசி மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் கடைக்குப் பாமாயில் வந்திருந்தது, அதனால் பார்த்த சாட்சிகளுக்குக் குறைவில்லை. முந்தின நாள் மழையில் தெருமுனையில் முழங்காலளவு தண்ணீர் நிற்க, அவர் ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையில் சாப்பாட்டுப் பையோடு, யாரோ போட்டு வைத்த செங்கல்லின் மேல் வைப்பதற்காக வலது காலைத் தூக்கினார். இடது காலும் கூடவே வந்துவிட்டது. அவ்வளவுதான் சங்கதி. அப்படியே காற்றில் உட்கார்ந்து, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தவர் மாதிரி பையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரைக் கடந்து, டிரான்ஸ்பார்மரைச் சுற்றிக்கொண்டு, வரிசையில் நின்ற முப்பது பெண்களின் தலைக்கு மேலாகப் போய்க் கடை வாசலில் இறங்கிப் பூட்டைத் திறந்தார். வரிசையில் முதலாவதாக நின்ற அம்மாள், “சார், துவரம்பருப்பு இந்த வாட்டியும் வரலையா?” என்றுதான் கேட்டாள்.

ஏன் பறந்தார், எதனால் பறந்தார் என்று தோண்டித் துருவுகிற ஆசாமிகள் அந்தத் தெருவில் கிடையாது, அவரவருக்குத் தண்ணி லாரிக்கு ஓடவே நேரம் சரியாயிருந்தது. ஒரு வாரத்துக்குள் தெரு அவரைத் தன் சௌகரியத்துக்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொண்டது. சன்ஷேடில் விழுந்த பந்தை எடுத்துக் கொடுத்தார், உச்சாணிக் கிளையில் முருங்கைக்காய் பறித்துக் கொடுத்தார், கேபிள் ஒயரில் சிக்கிய துப்பட்டாவைக் கிழியாமல் மீட்டார், கோயில் கோபுரத்துக்குச் சீரியல் பல்பு மாட்டினார், இரண்டு கட்சிக்காரர்களும் கொடி கட்டக் கூப்பிட்டபோது இருவர் மனமும் கோணாமல் ஒரே உயரத்தில் கட்டிக் கொடுத்தார். மொட்டைமாடியில் தலை துவட்டிக்கொண்டிருந்த பெண்கள், “சொல்லாம கொள்ளாம ஒரு ஆம்பள தலைக்கு மேல வந்தா இன்னா அர்த்தம்?” என்று சண்டைக்கு வர, நியாயம்தானே என்று ஒப்புக்கொண்டு, பழைய சைக்கிள் மணி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டார், அன்றிலிருந்து ஒவ்வொரு மாடி நெருங்கும்போதும் ட்ரிங் ட்ரிங் என்று அடித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் கடந்து போவார். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் அவரைக் கீழே கூப்பிட்டு நிறுத்தி, எதில் கேஸ் எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்துப் பார்த்து, “ஹெல்மெட்டாவது போடுங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படி ஊரே மென்று விழுங்கிவிட்ட விஷயம் ஒரே ஒருத்தனுக்கு மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அவன்தான் ஏகாம்பரம், புண்ணியகோடியின் சகலை. ராஜாத்தியம்மாளுக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் கஸ்தூரியைப் புண்ணியகோடிக்கும் இளையவள் தேவகியை ஏகாம்பரத்துக்கும் கொடுத்து, இரண்டு மருமகன்களையும் தன் வீட்டிலேயே, ஒருவரை மாடிப் போர்ஷனிலும் ஒருவனைப் பின்கட்டுப் போர்ஷனிலும் குடிவைத்திருந்தாள். ஒரே மாமியார், ஒரே சமையல்கட்டு வாசனை, ஒரே மொட்டைமாடி, ஆனால் இரண்டு மாப்பிள்ளை. இந்த ஏற்பாட்டில் பொறாமை முளைக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

அதிலும் ஏகாம்பரம் யார்? சினிமாவில் பறக்கிறவன் ஐயா அவன்! இருபத்திரண்டு வருஷமாக டூப்புக்காரன். படத்தில் முகமூடியும் முதுகுத் துணியும் போட்ட வீரன் கட்டடத்துக்குக் கட்டடம் தாவுகிறான் என்றால், வசனம் பேசுவதும் கண்ணடிப்பதும் நடிகர், தாவுவது ஏகாம்பரம். இடுப்பில் தோல்பட்டை, இரண்டு பக்கமும் கம்பிக் கயிறு, கயிற்றின் மறுமுனையில் எட்டுப் பேர். சண்டை மாஸ்டர் ‘ஆக்‌ஷன்’ சொன்னதும் அவர்கள் ஓட, இவன் மேலே போவான். கயிற்றைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார்கள், கயிற்றோடு சேர்த்து இவன் பெயரையும். இரண்டு விலா எலும்பு முறிந்து கூடியிருக்கிறது, இடது தோள்பட்டை மழைக்காலத்தில் விண்விண் என்று தெறிக்கும். ஆனாலும் தெருவில் நடக்கும்போது அவனுக்கென்று நெஞ்சுக்குள் ஒரு மிதப்பு உண்டு: இந்தத் தெருவில், இந்த வீட்டில், பறக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அதுதான் அவனிடம் இருந்த ஒரே சொத்து. அதில் போய், அரிசி மூட்டையைப் பார்த்துப் பார்த்து அரிசி மூட்டை மாதிரியே ஆகிவிட்ட சகலை, ஹெல்மெட்டும் மணியுமாக உட்கார்ந்துவிட்டார்.

ஏகாம்பரத்துக்கு வயிறு எரிந்தது. மூடி மறைக்க இதில் என்ன இருக்கிறது, பச்சைப் பொறாமைதான். காலையில் ட்ரிங் ட்ரிங் சத்தம் கேட்டால் குடிக்கிற டீ கசந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமியார் வஞ்சிரம் மீன் வறுத்து, நடுத்துண்டாகப் பார்த்து, “பெரிய மாப்ள காத்துல அலையுறாரு, உடம்புக்குத் தெம்பு வேணும்” என்று அவர் இலையில் வைத்தபோது, இவன் வாலை வைத்துக்கொண்டு முள் எடுத்தான். தேவகி வேறு சும்மா இருக்க மாட்டாள். “அக்காவுக்கு இன்னாங்க கவல, மாடி ஏறி இறங்குற வேலையே இல்ல, துணி காயப்போடக்கூட அவரு போயிடுறாரு” என்பாள். “நானுந்தான் பறக்கறேன்” என்பான் இவன். “நீங்க எட்டுப் பேரு இழுத்தா பறப்பீங்க” என்று சொல்லிவிட்டு, சொன்னது உறைக்கிறதே என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

ஒரே ஒரு ஆறுதல் அவனுக்கு இருந்தது, அது குழந்தைகளிடமிருந்து வந்தது. தெருப் பிள்ளைகள் முதல் இரண்டு நாள் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு மூன்றாம் நாளே உதட்டைப் பிதுக்கிவிட்டன. இது பறக்கிறதே இல்லை என்றன. படக்கதைப் புத்தகத்திலும் டிவியிலும் பறக்கிறவன் இப்படியா உட்கார்ந்து போகிறான்? அவன் ஒரு கை முஷ்டியை முன்னால் நீட்டி, முகவாயை நிமிர்த்தி, நெஞ்சை விரித்து, ஒரு முட்டியை மடக்கி, காற்றே அடிக்காவிட்டாலும் முதுகுத் துணி படபடக்கப் போவான். அவனுக்குத் தொப்பை கிடையாது, சளி பிடிக்காது, எங்கேயும் வரிசையில் நிற்கமாட்டான், யாராவது மாடியிலிருந்து விழுகிற நிமிஷத்துக்குச் சரியாக வந்து சேருவான். இவரோ சைக்கிள் வேகத்தில், மூன்று மாடி உயரத்துக்கு மேல் போகாமல், ஆபீசுக்குப் போகிற மாதிரி போகிறார். யாரோ செல்போனில் படம்பிடித்துப் போட, லட்சம் பேர் பார்த்து, “கிராஃபிக்ஸ் படு மட்டம்” என்றும் “கயிறு தெரியுது” என்றும் எழுதினார்கள். ஏகாம்பரம் அதையெல்லாம் தேவகிக்கு உரக்கப் படித்துக் காட்டினான். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு நாலு நாள்.

ஐந்தாம் நாள் காலை, ‘வான்மறவன்’ என்று புதிதாகப் படம் எடுத்துக்கொண்டிருந்த இயக்குநர், ஏகாம்பரத்தின் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தார். ஏகாம்பரம் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து கும்பிட்டான், தன்னைத்தான் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து. அவர்கள் மாடிப்படி எங்கே என்று கேட்டார்கள். நிஜமாகவே ஒருத்தர் பறக்கும்போது கயிறெதற்கு, அதை அழிக்க ஆறு மாசம் எதற்கு, முகமூடி போட்டுவிட்டால் அவரே பறக்கட்டுமே என்பது இயக்குநரின் எண்ணம். புண்ணியகோடி கூச்சப்பட்டு, “கடைய விட்டுட்டு எப்படி சார்?” என்று இழுக்க, ராஜாத்தியம்மாள் குறுக்கே விழுந்து, “என் மருமகன் சினிமாவுல நடிக்கறத நான் கண்ணை மூடறதுக்குள்ள பாத்துடணும்” என்றாள். இன்னொரு மருமகன் இருபத்திரண்டு வருஷமாக அதே சினிமாவில் எலும்பை உடைத்துக்கொண்டிருப்பது அந்த நேரத்தில் அவள் ஞாபகத்துக்கு வரவில்லை. ஏகாம்பரம் வாசற்படியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டான். அந்தப் படத்தில் பறப்பதற்கு அதுவரை பேசி வைத்திருந்தது அவனைத்தான்.

மறுநாளே ஸ்டுடியோவில் பச்சைத் துணிக்கு முன்னால் சோதனை நடந்தது. நீல உடுப்பு புண்ணியகோடியின் வயிற்றில் ஏறாமல் ஊக்கு குத்தி ஏற்றினார்கள், முகமூடி மாட்டினார்கள், சிவப்புத் துணியை முதுகில் தொங்கவிட்டார்கள். ‘ஆக்‌ஷன்’ என்றதும் அவர் பழக்கதோஷத்தில் மடியில் பை இருப்பதுபோல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, சம்மணம் போட்ட வாக்கில் எழும்பி, தளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மின்விசிறிகளுக்கு வழிவிட்டு, இறங்கினார். சிவப்புத் துணி துவைத்துப் போட்ட துண்டு மாதிரி தொங்கியது. இயக்குநர் மானிட்டரை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்.

“நெஜமாவே பறக்கறாரு சார்” என்றார் மாஸ்டர்.

“நெஜமெல்லாம் சரி, நம்பற மாதிரி இல்லையே” என்றார் இயக்குநர். தான் வரைந்து வைத்திருந்த கட்டம் கட்டமான படங்களை எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் முஷ்டி முன்னால், முகவாய் மேலே, வயிறு முதுகோடு ஒட்டி. “இப்படிப் பறந்தாத்தான் தியேட்டர்ல கை தட்டுவாங்க. பத்து நாள் டைம். ஏகாம்பரம், உன் சொந்தக்காரர்தானே, நீயே சொல்லிக்கொடு.”

கேட்டீர்களா கூத்தை! பறக்கிறவருக்குப் பறக்கத் தெரியாதவன் பறக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதுவும் தன் பிழைப்பைத் தன் கையாலேயே எடுத்து அவர் இலையில் பரிமாறுவதற்கு. ஏகாம்பரம் சரி சார் என்று தலையாட்டினான்.

காலை ஆறு மணிக்கு மொட்டைமாடியில் பாடம் ஆரம்பித்தது. புண்ணியகோடி நல்ல மாணாக்கர், பணிவானவர், பத்து வயது சின்னவனிடம் கற்றுக்கொள்கிறோமே என்ற முகச்சுளிப்பு துளியும் இல்லை. “நீ சொன்னா சரி தம்பி, உனக்குத்தான் தெரியும். நான் இன்னாத்தக் கண்டேன், மூட்டைய இறக்கி வெச்சிட்டு நிமிர்ந்தா முதுகு லேசா இருக்குமில்ல, அந்த மாதிரி இருக்குது, நான் ஒண்ணும் செய்றதில்ல” என்றார். கையை நீட்டச் சொன்னான், நீட்டினார். முகவாயை நிமிர்த்தச் சொன்னான், நிமிர்த்தினார். “வயித்த உள்ள இழுங்கண்ணே, மூச்சப் பிடிங்க, பல்லக் கடிங்க” என்றான், கம்பியில் தொங்குகிறவன் உயிரோடிருக்கச் செய்கிற காரியங்கள் அவை. அவர் வயிற்றை இழுத்தார், மூச்சைப் பிடித்தார். உடனே ஒரு சாண் கீழே இறங்கினார்.

ஏகாம்பரம் அதைப் பார்த்தான். ஒருமுறை தற்செயலாக இருக்கும் என்று மறுபடி இழுக்கச் சொன்னான். மறுபடி ஒரு சாண். மூச்சை விட்டுத் தொப்பை வெளியே வந்ததும் மெல்ல மேலே போனார். கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பது போல் அத்தனை தெளிவாகத் தெரிந்தது அவனுக்கு: இந்த மனுஷன் எதையும் பிடித்து வைக்காததால் பறக்கிறார், பிடித்து வைக்கப் பழகினால் இறங்கிவிடுவார். நல்லவனாக இருந்தால் அந்த இடத்தில், “அண்ணே, இது உங்களுக்கு ஆகாது, விட்டுடுங்க” என்று சொல்லியிருப்பான். அவன் வாயிலிருந்து வந்தது இதுதான்: “இன்னும் நல்லா இழுங்கண்ணே.”

இழுத்தார். நாள்தோறும் இழுத்தார். ரேஷன் கடையில் சர்க்கரை நிறுத்தும்போதும் இழுத்துப் பழகினார், சாப்பிடும்போதும் இழுத்துப் பழகினார், கஸ்தூரி கூப்பிட்டால்கூட முகவாயை நிமிர்த்தித்தான் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் நாள் அவர் கால் துணிக்கொடியை உரசியது, ஐந்தாம் நாள் கைப்பிடிச் சுவரைத் தாண்ட முடியவில்லை, ஏழாம் நாள் தரையிலிருந்து இரண்டு சாண். ஆனால் என்ன அழகு! முஷ்டியும் முட்டியும் நெஞ்சும் அச்சு அசல் படக்கதையில் வருகிற மாதிரியே இருந்தது, எதிர்மாடிப் பிள்ளைகள் முதல் தடவையாகக் கை தட்டின. அந்தக் கைதட்டலைக் கேட்டு அவர் இன்னும் இழுத்தார், இன்னும் இறங்கினார்.

எட்டாம் நாள் தேவகி வடாம் போட மாடிக்கு வந்தவள், தண்ணித் தொட்டியோரம் நின்று பார்த்துவிட்டு, புருஷனைத் தனியே கூப்பிட்டாள்.

“மாமா வயித்த இழுக்க இழுக்க எறங்குறாரே, நீங்க பாக்கலியா?”

“இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் எனக்கு. நீ எனக்கு பாடம் நடத்தாத.”

“பாத்தீங்களா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க.”

அவன் அந்தப் பக்கம் திரும்பி, “நல்லா இழுங்கண்ணே” என்று சகலைக்குக் குரல் கொடுத்தான். அவள் மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வடாம் போடாமலே கீழே இறங்கிப் போனாள்.

பத்தாம் நாள் புண்ணியகோடி முஷ்டியை நீட்டி, முகவாயை உயர்த்தி, ஒரு முட்டியை மடக்கி, சிவப்புத் துணி காற்றில் படபடக்க, மொட்டைமாடியின் சிமெண்ட் தரையில் ஒற்றைக்காலில் நின்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு விரற்கடை எழும்பவில்லை. மூச்சை விட்டுப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், பையைக் கொண்டுவரச் சொல்லி மடியில் வைத்துப் பார்த்தார், மணியைக்கூட அடித்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஏகாம்பரத்துக்கு நெஞ்சில் ஒரு பக்கம் குளிர்ந்தது, இன்னொரு பக்கம் என்னவோ செய்தது. புண்ணியகோடியோ அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீ எவ்ளோ பாடுபட்ட தம்பி, எனக்குத்தான் கொடுத்து வைக்கல. மன்னிச்சுக்க” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தெரு இதையும் விழுங்கிவிட்டது. காலையில் மணிச் சத்தம் நின்றுபோனதும் இரண்டு நாள் பேசினார்கள், மூன்றாம் நாள் அவர்களே ஒரு விளக்கத்தையும் கண்டுபிடித்துக்கொண்டார்கள்: படக்கம்பெனிக்காரன் எழுதி வாங்கிவிட்டானாம், படம் வெளிவருகிற வரைக்கும் வெளியில் எங்கேயும் பறக்கக் கூடாதாம், இலவசமாகப் பார்த்துவிட்டால் தியேட்டருக்கு யார் வருவார்கள்? புண்ணியகோடி அப்படியெல்லாம் இல்லை, எனக்கு நின்றுபோச்சு என்று வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார். அவர்கள் கண்ணைச் சிமிட்டி, “புரியுது சார், வெளிய சொல்ல மாட்டோம்” என்று பருப்பை வாங்கிக்கொண்டு போனார்கள். ராஜாத்தியம்மாள் அந்த விளக்கத்தை நம்பியதோடு நிற்காமல், அடுத்த தெருவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

எழும்பாதவரை வைத்து என்ன செய்வது என்று இயக்குநர் விட்டுவிட, படத்தில் ஏகாம்பரமே பறந்தான். நாற்பத்தேழு நாள், இரண்டு கம்பியில், எட்டுப் பேர் இழுக்க, முகமூடியோடு. பழைய ஏகாம்பரம் இல்லை, வெறி பிடித்தவன் மாதிரி பறந்தான், இது நான் பறக்கிற இடம் என்று காற்றுக்கே காட்டிவிடுகிறவன் மாதிரி. ஐந்தாம் மாடியிலிருந்து தலைகீழாக விழுந்து ஜன்னலைப் பிடிக்கிற காட்சியை மாஸ்டரே வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் மூன்று முறை செய்தான், அந்த இடது தோள்பட்டை கழன்றே விட்டது. இயக்குநர் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு, “என் வாழ்க்கையில இப்படி ஒருத்தன் பறந்து நான் பாத்ததில்ல” என்றார். கட்டுப் போட்ட தோளோடு அன்று வீட்டுக்கு வரும்போது, படம் வரட்டும், மாமியார் பார்க்கட்டும், தெரு பார்க்கட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தான்.

கயிற்றையெல்லாம் அழித்து முடித்து, ஆறு மாசம் கழித்துப் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு மொத்தத் தெருவும் கிளம்பிவிட்டது, ரேஷன் கடை வரிசையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து தியேட்டரில் வைத்த மாதிரி இருந்தது. நடுவரிசையில் ராஜாத்தியம்மாள், அவளுக்கு வலப்பக்கம் கஸ்தூரியும் புண்ணியகோடியும், இடப்பக்கம் தேவகியும் ஏகாம்பரமும். முதல் அரை மணி நேரம் நடிகர் காதலித்தார், கண்ணீர் விட்டார். அப்புறம் ஒரு பெண் கட்டடத்திலிருந்து விழ, திரையின் ஓரத்திலிருந்து நீலமும் சிவப்புமாக ஒரு உருவம், முஷ்டி முன்னால், முகவாய் மேலே, ஒரு முட்டி மடங்கி, துணி படபடக்க, சீறிக்கொண்டு வந்தது. ஏகாம்பரத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. அத்தனை அழகாக இருந்தான் அவன்.

ராஜாத்தியம்மாள் சீட்டைவிட்டு எழுந்தே விட்டாள். “ஐயோ பாருங்கடி! என் பெரிய மருமகன்டி! இன்னாமா பறக்கறாரு பாருங்கடி என் ராசா!”

தியேட்டர் அதிர்ந்தது. புண்ணியகோடி சார், புண்ணியகோடி சார் என்று முன்வரிசையிலிருந்து விசில், பின்வரிசையிலிருந்து காகிதத் துண்டுகள். பருப்பு கேட்ட அம்மாள் அழுதேவிட்டாள். புண்ணியகோடி பதறிப்போய் எழுந்து நின்று, இரண்டு கையையும் ஆட்டி, “ஐயோ, நான் இல்லம்மா, நான் இல்ல! அது நம்ம ஏகாம்பரம் தம்பி! தம்பிதான் அது!” என்று கத்தினார்.

“அடக்கத்தப் பாரு மனுஷனுக்கு” என்றார் பின்னாலிருந்து ஒருவர். “இவ்ளோ பெரிய ஆளாயிட்டு, சகலைக்கு விட்டுக் குடுக்குறாரு பாரு.” அதற்கு இன்னும் பெரிதாகக் கைதட்டல் எழுந்தது.

ஏகாம்பரம் எழுந்தான். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தான், அத்தனை சத்தத்தில் அது அவன் காதுக்கே எட்டவில்லை. இன்னும் சரியாகக் கூடாத தோளை மாமியார் முகத்துக்கு நேரே காட்டினான், அவள் திரையை மறைக்காமல் உட்காரச் சொல்லி அவனைக் கையால் தள்ளினாள். உலகத்தில் முழு உண்மையும் தெரிந்த ஒரே ஆளாகத் தேவகி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் குனிந்து அவள் கையைப் பிடித்தான்.

“தேவகி, நீயாச்சும் உங்கம்மா கிட்ட சொல்லேன்.”

தேவகி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சொல்றேன். முழுசா சொல்லட்டுமா?” என்றாள்.

ஏகாம்பரம் அவள் கையை விட்டான். திரையில் வான்மறவன் அந்தப் பெண்ணைத் தாங்கிக்கொண்டு மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தான், தியேட்டர் முழுக்க எழுந்து நின்று புண்ணியகோடியைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தது. அவனும் நின்றபடியே சகலையின் பக்கம் திரும்பி, ஒரு தோள் தூக்க முடியாமல், மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினான்.